சருகு யாருடையது

வயலுக்குக் குப்பை அடிப்பது என்று கிராமத்தில் சொல்வார்கள். அங்கே குப்பை என்றால் எரு. அதே சொல் பட்டணத்தில், கண்ணெதிரே இருக்கக்கூடாத வஸ்துவாகிவிட்டது. சிமெண்ட் பூசிய முற்றத்தில் விழும் வேப்பஞ்சருகுக்கு மட்க இடமில்லை, ஆகவே குற்றவாளி.

தோட்டக் கழிவை எரிக்கக்கூடாது, தனியே சேர்த்துவைக்க வேண்டும் என்றன 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள். நல்லதுதான். நானும் கூட்டிச் சாக்கில் கட்டி வாசலில் வைக்கிறேன். வண்டி வந்து எடுத்துப் போகிறது. எங்கோ உரமாகும் என்று நினைக்கையில் தானம் செய்தவனின் திருப்தி ஒன்று வருகிறது. இந்தத் திருப்தியின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

தானம் என்றால் கொடுப்பது தன்னுடையதாக இருக்கவேண்டும். பட்டா என் பேரில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் இலையிலுள்ள தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மண் கொடுத்த கடன். ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில் 1924 முதல் 1931 வரை சருகையும் சாணத்தையும் அடுக்கி மட்கவைத்தார் (நம் எருக்குழிதான், கொஞ்சம் கணக்கோடு). எடுத்ததை மண்ணுக்கே திருப்புவதை அவர் ஒரு நியதியாகவே பேசினார். அவர் குவியல் பண்ணைக்குள்ளேயே இருந்தது. என் சருகோ ஊர்தாண்டிப் போகிறது. அடுத்த மாதம் நர்சரியில் மூட்டை உரம் விலைக்கு வாங்கித் தொட்டிகளுக்குப் போடுகிறேன். கடன்காரனிடம் எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியக் கணக்கு எழுதுவது என்ன நியாயம்? போதாததற்கு, மழையில் ஊறிய சாக்கின் பாரம் முழுதும் இன்னொருவர் முதுகில்.

குழி வெட்டினால் பாம்பு வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. மரத்தடியில் மூன்றடிக்குச் சிமெண்டைப் பெயர்த்தேன். அதில் கொள்ளாத சருகு இன்னும் வாசலில்தான்.