சாவி யாரிடம்?

புரொஜெக்டர் எங்கே இருக்கிறது, ஆசிரியரே?

தலைமையாசிரியர் அறையில். உறை போட்டு. உறைமேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

நூலகம் எங்கே? அதே அறையில், பீரோவுக்குள். பீரோவுக்குப் பூட்டு.

கேட்டால் பதில் தயார். "உடைந்தால் யார் பொறுப்பு? தொலைந்தால் யார் காசு கட்டுவது? ஆடிட்டில் யார் பதில் சொல்வது?"

உடையாத புரொஜெக்டர் வேண்டுமா? உறைக்குள்ளேயே கிடக்கட்டும். சத்தியமாக உடையாது. எந்தப் பிள்ளைக்கும் பயன்படவும் செய்யாது!

தொலையாத புத்தகம் எது தெரியுமா? யாரும் படிக்காதது. அதைக் கரையான் எடுத்துப் போகும். லெட்ஜரில் கையெழுத்தும் போடாது!

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆடிட்டா பயம்? பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்பதுதானே பயம்?

எனக்கும் அதே பயம்தான். ஏதேதோ சாக்குச் சொல்லி வருடக்கணக்கில் தப்பித்துத் திரிந்தவன் நான்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். எட்டாம் வகுப்பு அறிவியல். வயரைச் சொருகினேன். சுவரில் நீலமாக ஒரு கட்டம். நடுவில் 'நோ சிக்னல்'.

பிடுங்கிச் சொருகினேன். மறுபடியும் நீலம். நெற்றியெல்லாம் வேர்வை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருபது வருட சர்வீஸ் அந்தச் சிரிப்பில் கரைந்தது!

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "சார், ரிமோட்ல சோர்ஸ் மாத்தணும் சார். எங்க வீட்டு டிவியும் இப்படித்தான் பண்ணும்."

மாற்றினாள். படம் வந்தது. வகுப்பே கைதட்டியது. எனக்கில்லை, அவளுக்கு!

என்ன குறைந்துபோனேன்? ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. அன்றைக்குத்தான் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கப்பட வேண்டியது அதுவரை தெரியாமல் இருந்ததற்குத்தான்.

"எனக்குச் செல்போனே சரியா வராது" என்கிறீர்களா? பொய்! தினமும் காலையில் வருகைப்பதிவைச் செயலியில் போடுவது யார்? குரூப்பில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்புவது யார்?

"நெட் வராது" என்கிறீர்களா? உங்கள் வீட்டு மொட்டைமாடியில்கூடவா வராது? 2018இல் வந்த புதுப் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. எத்தனையை ஸ்கேன் செய்து பார்த்தீர்கள்? இரவே இறக்குங்கள். பென்டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள்!

"நான் கணக்கு வாத்தியார், நூலகம் என் வேலை இல்லை."

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் யார்? அவரும் கணக்கு வாத்தியார்தான்! சீர்காழிக்காரர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன புதிதில் சலித்துப்போய், வகுப்புக்கே திரும்பிவிடத் துடித்தார்.

பிறகு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துண்டுகளை மாட்டி மாட்டி எதை வேண்டுமானாலும் செய்யலாம். புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் முறைக்கு அங்கே பொறி விழுந்தது. 1933இல் அது நூலாகவே வந்தது.

அவர் விளையாட்டுச் சாமானில் வழி கண்டுபிடித்தார். நீங்கள் டேப்லெட்டைக் கண்டு ஒதுங்குகிறீர்கள்!

1931இல் மன்னார்குடியில் நடமாடும் நூலகம் என்று மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அன்றைக்குக் கையில் இருந்த தொழில்நுட்பம் அது! கரண்ட் கேட்டார்களா? நெட் கேட்டார்களா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடியோவை ஓடவிட்டு, மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறீர்களா? அதற்கு உறையே மேல்!

படத்தைப் பாதியில் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தப்பாகச் சொல்லட்டும். கத்தட்டும். சண்டை போடட்டும். பிறகு ஓட்டுங்கள்!

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாளே, அந்தப் பெண்ணிடம் எங்கள் பள்ளி நூலகப் பீரோ சாவியைக் கொடுத்தேன். புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னேன். தமிழ்99 விசைப்பலகை. 'அம்மா' அடிக்க நாலே தட்டு. மகரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். அவள் இரண்டே வாரத்தில் பழகினாள். நான் இன்னும் குனிந்து தேடுகிறேன்!

பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். ஆறு புத்தகம் காணோம். ஒட்டிய மறுநாளே இரண்டு பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து இரண்டைக் கொடுத்தார்கள். மீதி நாலுக்கு என் பையிலிருந்து கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்காசுகூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் பூட்டி வைத்தேன்?

நாளை உங்களுக்கு எந்த வகுப்பு? எந்தப் பாடவேளை?

உறையைக் கழற்றுங்கள். வயரைச் சொருகுங்கள். 'நோ சிக்னல்' என்று வந்தால், கடைசி பெஞ்சைப் பாருங்கள்!