காணாமை இன்மை ஆகுமா?

பெருங்களத்தூரில் நின்று தென்றிசை நோக்குவார்க்கு, வலை என்னும் உடுமண்டிலத்து விண்மீன் ஒன்று அடிவானின்மேல் ஏறத்தாழ 14 பாகையளவே உயரும். பெரிதும் ஒளிருங்காலும் அது வெறுங்கண்ணுக்குப் புலப்படுதல் அரிது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-ஆம் ஆண்டில் அதன் ஒளி மாறுபடுதலைக் கண்டறிந்தார். ஏறக்குறைய 278 நாட்களுக்கொருமுறை அது விளங்கி மங்கும். மிக மங்கியவழிச் சிறு தொலைநோக்கிக்கும் தோன்றாது.

தோன்றாதவழி அம்மீன் இல்லையாயிற்றோ? காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதர் அங்ஙனமே கூறல் வேண்டும். முன்னை இடத்தே அது மீளத் தோன்றுதலின், இடையிலும் உளதென்று கருதலளவையாற் கொள்ளப்படும். இல்லது தோன்றாது என்பதன்றோ சித்தாந்தத் துணிபு?

இனி, திருவருள் உணரப்படாத காலத்து அருளே இல்லையென அயர்வார் பலர். அவர்க்கும் இவ்விடை பொருந்தும். ஆயினும் இஃது ஒருபுடை உவமையே. மீனின் ஒளி தன்னிடத்தே குறையும், திருவருள் குறைவதின்று. ஆணவத்தான் மறைப்புண்டது ஆன்ம அறிவேயாம். அம்மலம் பக்குவமுறுங்காறும் அருளே மறைந்து நின்று உயிரை நடத்துதலின் திரோதம் எனப் பெயர்பெற்றது. ஆகலின், மீன் தோன்றாத இரவினும் அவ்விடத்தையே நோக்கியிருக்கும் வானூலாரைப்போல, அன்பர் வழிபாட்டிற் சோர்தலாகாது என்க.