சிறைக் கதவும் சமூக மனச்சாட்சியும்

சிறை என்பது யாது என்று வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். கைக்குழந்தையும் அங்கிருந்தது, நடக்கமாட்டாத மூதாட்டியும் அங்கிருந்தாள். அவர்கள்மீது குற்றச்சாட்டு இல்லை; வழக்கு இல்லை; தீர்ப்பும் இல்லை. வெளியே சென்று வரும் உரிமை அவ்வாண்டு டிசம்பரிலேதான் கிடைத்தது. முகாம் மூடப்பட்டதோ 2012 செப்டெம்பரில். அரசாங்கம் அதற்கு இட்ட பெயர் 'நலன்புரி நிலையம்'. போராளிகள் எனப் பிரித்தெடுக்கப்பட்ட பல்லாயிரவரை அடைத்த இடங்களுக்கு இட்ட பெயர் 'புனர்வாழ்வு நிலையம்'. வேலிக்குள் இருப்பவரெல்லாம் குற்றவாளிகள் அல்லர் என்ற உண்மையை நூல்களிலிருந்தன்றி வாழ்விலிருந்தே கற்றவர்கள் நாம்.

அவ்வாறு கற்ற ஒரு சமூகம் இன்று சிறையைப் பற்றி என்ன நினைக்கிறது? நாம் எதிர்ப்பது சிறையையா, அன்றி அதற்குள் நம்மவர் இருப்பதை மட்டுமா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை காண்பது நமது கடமையாகும்.

நம்மிடையே எழுந்த போராட்டங்களின் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி ஆலய முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தனர். சில நாட்களில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் அப்போராட்டம் தொடங்கிற்று. சரணடைந்தோரின் பெயர்ப் பட்டியலைத் தா, இரகசியத் தடுப்பிடங்களின் பட்டியலைத் தா என்பன அவர்களது முதற் கோரிக்கைகளுள் அடங்கின. எவரை அடைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்பதினும் எளிய கேள்வி ஓர் அரசிடம் வேறுண்டோ? அதற்கும் விடை கிடைக்கவில்லை.

தமிழ் அரசியல் கைதிகளின் விடுதலைக்காக எழுந்த குரலும் அத்தகையதே. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கட்டளை ஒன்றினால் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்க இடமளித்தது. 2022 இல் அது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. சாதாரணச் சட்டத்தின்கீழ்ப் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இச்சட்டத்திலோ உயர்தரப் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். அது பலவந்தத்தால் பெறப்பட்டது என்று நிறுவும் சுமையும் கைதியின் தலையிலேயே விழுகிறது. 2022 இன் திருத்தம் இவ்விதியைத் தொடவில்லை. இவ்வாறு தண்டிக்கப்பட்டவனைச் சாதாரணக் குற்றவாளியாகக் கருதலாகாது என்று நாம் வாதிடுவது முற்றிலும் நியாயமே. 1950 பெப்ரவரி 11 ஆம் நாள் சேலம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட 22 பொதுவுடைமைத் தோழர்களை நினைவுகூரும் எவரும் 'அரசியல் கைதி' என்ற சொல்லின் விலையை அறிவர்.

ஆயின், அந்த வாதத்தின் நிழலில் இன்னொரு கூற்றும் ஒளிந்து நிற்கிறது. 'எங்கள் பிள்ளைகள் களவெடுத்தவர்களோ கசிப்புக் காய்ச்சியவர்களோ அல்லர்' என்கிறோம். அப்படியாயின், களவெடுத்தவனையும் கசிப்புக் காய்ச்சியவளையும் சிறை என்ன செய்தாலும் நமக்குக் கவலையில்லை என்பதன்றோ அதன் பொருள்?

அந்தச் 'சாதாரணக் கைதி' யார் என்று பார்ப்போம். இலங்கைச் சிறைகள் தம் கொள்ளளவுக்கு இரு மடங்கிற்கும் அதிகமானோரைச் சுமந்துள்ளன. அவர்களுட் பெரும்பகுதியினர் தீர்ப்பே பெறாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்று உள்ளே செல்வோரிலும் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட வழியற்றவர்கள். ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டம் விதிக்கப்படுகிறது. பணமுள்ளவன் கட்டிவிட்டு வீடு செல்கிறான், கூலிக்காரன் மறியலுக்குப் போகிறான். அவனைச் சிறைக்கு அனுப்பியது குற்றமா, வறுமையா?

குற்றம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறுவது. 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்கீழ், தோட்டத் துரைக்கு அறிவிக்காது வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்குரிய குற்றவாளி. அவர்களின் சந்ததியார் 1977 இன் வன்செயலால் மலையகத்தை விட்டு ஓடிவந்தபோது, 'காந்தியம்' என்னும் நிறுவனம் அவர்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தி, உழுதுண்ண வழிகாட்டிற்று. அதன் செயலாளர் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஏப்ரலில் கைதானார். பாட்டன் தோட்டத்தை விட்டு நீங்கியதும் குற்றம். பேரனுக்கு நிலம் காட்டியவர் செய்ததும் குற்றம். இரண்டையும் ஒரே கட்டடமே விழுங்கிற்று.

1983 ஜூலை 25 ஆம் நாளும் 27 ஆம் நாளும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாளில் மாண்டவருள் இராஜசுந்தரமும் ஒருவர். இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. கொலைக் கருவியாக நின்றவர்கள் அதே சிறையின் சிங்களச் 'சாதாரணக் கைதிகள்'. அவர்களுக்காகவா நாம் பரிய வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பூட்டுகளின் திறவுகோல் கைதிகளிடம் இருக்கவில்லை. அதே வெலிக்கடையில் 2012 நவம்பரில் 27 கைதிகள் கொல்லப்பட்டபோது, மாண்டவர்கள் அச்'சாதாரணக் கைதிகளே'. 2020 நவம்பர் 29 ஆம் நாள், கொரோனாத் தொற்றின் அச்சத்தில் குமுறியெழுந்த மகரச் சிறையில் 11 பேர் மாண்டனர். 1983 ஐ ஆண்டுதோறும் நினைவுகூரும் நம்மில் எத்தனை பேர் மகரவுக்காகத் துயருற்றோம்? வெலிக்கடைக்கும் மகரவுக்கும் நீதி கேட்ட கைதிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் குழுவினர், பெரும்பாலும் சிங்களவராயிருந்தும், தமிழ் அரசியல் கைதிகளுக்காகவும் பேசினர். அக்கடனை நாம் இன்னும் திருப்பவில்லை.

சிறையையே ஒழிக்க வேண்டும் என்போர் உலகில் உண்டு. நோர்வே நாட்டில் 1968 இல் கைதிகளும் அறிஞரும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டனர். அதன் முன்னோடிகளுள் ஒருவரான தோமஸ் மத்தீசன், சீர்திருத்தங்களை இரு வகையாகப் பிரித்தார்: சிறையை வலுப்படுத்துவன, அதைச் சுருக்குவன. சிறையிருந்து மீண்ட அமெரிக்க அறிஞர் ஏஞ்சலா டேவிஸ், சிறை வழக்கொழிந்த ஒன்றன்றோ என்ற வினாவையே 2003 இல் நூலாக்கினார்.

'பெண்ணைச் சிதைத்தவனையும், பள்ளிப் பிள்ளைக்குப் போதைப்பொருள் விற்பவனையும் அவிழ்த்துவிடச் சொல்கிறீரா?' என்று வாசகர் வினவுவர். போரின் பின் வன்னியின் ஊர்களைப் போதைப்பொருள் அரிப்பதைக் கண்டவர்க்கு இக்கேள்வி எளியதன்று. பிறரைத் துன்புறுத்துவோனைத் தடுக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் நாடெங்கும் தொடங்கிய சுற்றிவளைப்பில் பல்லாயிரவர் பிடிபட்டனர். நீதிமன்றப் பிடியாணையின்றி வீடு புகுந்து பிடிக்கும் முறை நமக்குப் புதியதா? அதை அன்று எதிர்த்த நாம், இன்று பிடிபடுபவன் போதைக்கு அடிமையான ஏழை என்பதற்காக ஆமோதிக்க இயலுமா? அவனுக்கு வேண்டியது வைத்தியம். அவன் தம்பிக்கு வேண்டியது வேலை. இரண்டையும் கொடாத அரசு, சிறையை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறது.

எனவே நமது கோரிக்கைகளின் அடித்தளத்தை மாற்றியமைக்க வேண்டும். 'இவர்கள் நம்மவர், ஆகவே விடு' என்பதற்குப் பதிலாக, 'எந்த மனிதனையும் கணக்குக் காட்டாது அடைக்க உனக்கு உரிமையில்லை' என்று சொல்லவேண்டும். அப்பொழுது தாய்மார் கேட்ட பட்டியல், மகரவின் தாய்க்கும் உரிய பட்டியலாகும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கேட்கும் அதே வாயால், தண்டப்பணத்தை வருமானத்துக்கேற்ப அளக்கவும், பிணைக்குப் பணமில்லாதவனை வீட்டிலிருந்தே வழக்குக்கு வர விடவும் கேட்கலாம். இவை சிறையைச் சுருக்கும் சீர்திருத்தங்கள். புதிய சிறைக்கூடம் கட்டுவது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இதற்கு முதற்படி அரசியல் மேடையில் இல்லை. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நீதவான் நீதிமன்றத்தின் பின்வாங்கில் ஒரு முற்பகல் அமர்ந்து பார்ப்பதே போதும். எந்தத் தொகையைக் கட்ட முடியாமல் எவர் மறியலுக்குச் செல்கின்றனர் என்பதை ஆசிரியரும் மாணவரும் குறித்து வரலாம். முகாமின் வேலிக்குள் நின்று, 'நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?' என்று கேட்ட மக்கள், அந்தக் கூண்டில் நிற்பவனின் கேள்வியையும் செவிமடுக்கக் கடமைப்பட்டவர்கள்.