வட்டப் பலகையை வெறுங்கையால் திருப்பாதே

தம்பி, ஸ்டூலுக்கு வட்டப் பலகை வேண்டுமென்று ஆர்டர் வந்திருக்கிறது. கவராயத்தால் கோடு போட்டாய், மூலைகளை அறுத்துத் தள்ளினாய். கோட்டை ஒட்டிக் கொஞ்சம்தான் மிச்சம். ஓடுகிற டேபிள் சாவில் பலகையைக் கையாலேயே பிடித்துத் திருப்பினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். அந்த நினைப்போடு மெஷினிடம் போகாதே.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் உன்னை நோக்கி வருகிறது. நேர்ப் பலகையானால் கைடில் சாய்ந்து ஒழுங்காகப் போகும். வட்டத்துக்குச் சாய இடமே கிடையாது. இம்மி பிசகினாலும் அதன் ஓரம் பின்பல்லில் மாட்டும். பின்பல் கீழிருந்து மேலே எழும்புகிற பல். பலகையைத் தூக்கி உன் வயிற்றைப் பார்த்து எறியும். பலகை போய்விட்டால், அதை அழுத்திக்கொண்டிருந்த கை எங்கே விழும்?

விரல் போனால் ஒட்டிக்கொள்ளலாம் என்பாய். சென்னை ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் துண்டான கையையே ஒட்டியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் ரம்பப் பல் கத்திபோல் கீறிவிட்டுப் போகாது. ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 3 மில்லிமீட்டர் மரம் தூளாகிக் கொட்டுகிறதே, விரலிலும் அதே 3 மில்லிமீட்டர் எலும்பும் நரம்பும் தூளாகும். தூளானதை எந்த டாக்டரும் ஒட்ட முடியாது. மிச்சத்தைக் குட்டையாக ஒட்டித்தான் அனுப்புவார்கள்.

அதனால் ஜிக் செய்; பலகையைப் பிடித்துக்கொள்ளும் தாங்கிதான் ஜிக். 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு துண்டு, மேசைக் காடியில் ஆடாமல் ஓடுகிற தேக்குச் சட்டம் ஒன்று, தலை வெட்டிய ஆணி ஒன்று. சாமான் இவ்வளவுதான். சட்டத்தைப் பிளைவுட்டின் அடியில் திருகு. 12 அங்குல வட்டத்துக்கு, பிளேடிலிருந்து சரியாக 6 அங்குலம் தள்ளி ஆணி நிற்கட்டும். பலகையின் அடிப்பக்கம் நடு மையத்தில் பாதி ஆழத்துக்குத் துளை போட்டு ஆணியில் உட்கார வை. பலகையை ஜிக்கோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, முதலில் நான்கு மூலையை அறு. பிறகு எட்டு மூலையை. பதினாறு பக்கம் வந்ததும் மெஷினை அணை. பிளேடு முழுசாக நிற்கும்வரை கிட்டப் போகாதே. முன்பல் மேசைக்குள் இறங்கும் இடத்துக்கு நேரே ஆணி வரும்படி ஜிக்கை நகர்த்தி, மேசையோடு சேர்த்து இறுக்கு. பலகையைப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்துவிடு. மூலை எதுவும் பல்லில் முட்டாமல், தட்டையான பக்கம் பிளேடைப் பார்த்திருக்கட்டும். இனி சுவிட்சைப் போட்டு மெல்லத் திருப்பு.

எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்பதில் கவனம் வை. பல்லைத் தொடுகிற விளிம்பு, பல்லுக்கு எதிராக, உன்னைவிட்டு விலகிப் போக வேண்டும். மாற்றித் திருப்பினால் பிளேடு பலகையைப் பிடுங்கிச் சுழற்றும், உன் கையையும் சேர்த்து இழுக்கும். கை எப்போதும் பலகையின் மேலே, பிளேடுக்கு எதிர்ப்பாதியில் இருக்கட்டும். பக்கவாட்டுக் கைடை முன்கூட்டியே கழற்றி வை. அறுந்த துண்டு அதற்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டினால் பாய்ந்து வரும். துண்டு பிளேடு ஓரம் கிடந்தால் கிடக்கட்டும், விரலால் தட்டாதே. கையுறை வேண்டாம்! பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள். அதன் நூலைப் பல் கவ்வினால் விரலும் கூடவே போகும். தோளில் கிடக்கும் துண்டையும் எடுத்து வை. கண்ணுக்குக் கண்ணாடி போடு. உள்ளங்கை அகல வட்டத்துக்கு இந்த ஜிக்கும் உதவாது. ஜிக்சாவில் அறுத்து சாண்டரில் தேய். உருளைத் தடியைக் குறுக்கே அறுக்க வேண்டுமா? ‘வி’ வடிவப் பள்ளம் எடுத்த கட்டையில் கிடத்தி இறுக்கின பிறகு அறு.

முதலாளிமாரே, உங்களிடமும் சொல்ல வேண்டும். ஓடும் இயந்திரத்துக்கு மறைப்பு வேண்டுமென்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. மூன்று பேர் வேலை செய்கிற ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்; அதனால்தான் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். "சாயங்காலத்துக்குள் இருபது பலகை" என்று நீங்கள் விரட்டும்போதுதான் பையன் ஜிக்கை ஓரம் கட்டுகிறான். ஜிக் செய்கிற நேரத்துக்கும் கூலி கொடுங்கள். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசுங்கள். மேஸ்திரி, முப்பது வருஷமாக வெறுங்கையால் திருப்பியும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? சந்தோஷம். பையன் முன்னால் அதைச் செய்து காட்டாதீர்கள்.

செய்த ஜிக்கில் வட்டத்தின் அளவை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதுங்கள்: துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும், விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. கீழே, கை அறுவை சிகிச்சை செய்கிற கிட்டத்து மருத்துவமனையின் போன் நம்பர். நாளைக் காலை மெஷினைப் போடுவதற்கு முன்னால் இவ்வளவும் நடக்கட்டும்.