இந்த வயசுல எதுக்கு?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்த தாய்மாரும் கற்றார்கள். கற்றவள் மற்றவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. என் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கண்மாய்க் கரையில் பழகினார்கள். "இந்த வயசுல எதுக்குடி?" என்றார் அப்பா. அம்மா முழங்காலில் காயத்தோடு வந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அதற்குமுன் நான் கண்டதில்லை.

போன மாதம் என் மனைவி, சபைச் சகோதரி ஒருத்தியோடு ஸ்கூட்டி பழகப் போகிறேன் என்றாள். அவளுக்கு வயது 42. "இந்த வயசுல எதுக்கு? நான்தான் கூட்டிட்டுப் போறேனே" என்றேன். சொல்லி முடிக்குமுன்னே அப்பாவின் குரல் என் காதில் கேட்டது. இருதயத்தில் குத்தப்பட்டேன்.

அன்பானவர்களே, இருபது வருஷம் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் உழைத்தவள் தனக்கென்று ஒன்று கேட்டால் அது சுயநலமா? "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றது அன்பு போலத்தான் இருந்தது. அவள் எனக்காகக் காத்திருக்கவேண்டும் என்ற எண்ணமே அதற்குள் இருந்தது.

சகரியா ஊமையாயிருந்த வீட்டிற்கு மரியாள் வந்தாள். எலிசபெத்து சந்தோஷத்தால் சத்தமிட்டாள். புருஷனால் கொடுக்கமுடியாத தைரியத்தைச் சிலவேளை ஒரு சிநேகிதி கொடுக்கிறாள். அதில் நமக்கு வெட்கமில்லை.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ போயிட்டு வா, சோறு நான் பொங்குறேன்" என்றேன். சோறு குழைந்துபோனது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சகோதரனே, உன் வீட்டில் அந்தக் கேள்வியை நீ யாரிடம் கேட்டாய்? இன்றைக்கே போய்ப் பேசு.