காத்திருக்கச் சொல்பவன்

துருக்கியின் வான் மாநிலத்தில், பாஹ்செசராய் மலைச்சாலையில், 2020 பிப்ரவரி 4ஆம் நாள் பனிச்சரிவொன்று சிற்றுந்து ஒன்றைப் புதைத்தது. ஐவர் மாண்டனர், இருவரைக் காணவில்லை. அவ்விருவரைத் தேடி மறுநாள் காவற்படையினரும் தீயணைப்போரும் ஊர்மக்களுமாக ஏறத்தாழ 300 பேர் அங்கே திரண்டு நின்றபோது இரண்டாவது சரிவு இறங்கிற்று. தேடச் சென்றவர்களில் 30க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

இதைத் தியாகமென்று போற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பனியில் புதையுண்டவனை முதற் கால்மணி நேரத்திற்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறான். அரைமணி கடந்தால் மூச்சடைத்து மாள்வோரே மிகுதி. அந்தக் கால்மணியில் அருகே நிற்பவன் மண்வெட்டியோடு பாய்வதை யார் குறை கூறுவர்? மறுநாளோ தராசுத் தட்டுகள் மாறிவிட்டன. (ஊர்தியினுள் காற்று தங்கினால் நெடுநேரம் உயிர் தங்குவதுமுண்டு; அந்த நம்பிக்கைதான் மனிதனைச் சும்மா இருக்கவிடுவதில்லை.)

இறங்குபவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான்; அனுப்புகிறவன் வைப்பதோ பிறர் பிள்ளைகளை. ஆகவே மலையுச்சியைக் கண்காணிக்க ஒருவனை நிறுத்தி, சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, தப்பியோடும் வழியைக் காட்டிய பின்னரே அவன் அனுப்ப வேண்டும். அதற்கு இயலாதபோது 'நில்லுங்கள்' என்று ஆணையிட வேண்டும். காணாமற் போனவரின் தாய் எதிரே நின்று அழுகையில் அவ்வாறு சொல்பவனை ஊர் கோழை என்றே அழைக்கும். அது அவனுக்கும் தெரியும்.