மதிப்பு நம்பிக்கைக்கா, மனிதர்க்கா?

‘அது அவர்தம் நம்பிக்கை, அதைப்பற்றி வினவுதல் நாகரிகமன்று’ என்னும் கூற்று நம்மிடையே வழக்காகிவிட்டது. பல மொழியினரும் பல சமயத்தினரும் அண்டை வீட்டாராய் வாழும் நகரங்களில் குடியேறியுள்ள நமக்கு இக்கூற்று வசதியானதுங்கூட. ஆயினும், சமய நம்பிக்கை என்ற ஒரே காரணத்தால் ஒரு கருத்து ஆராயப்படாமலே மதிப்பிற்குரியதாகிவிடுமா? இறைமறுப்பாளர் பொதுவாழ்வில் இறங்கும்போதெல்லாம் எழும் இவ்வினாவை அமைதியாக நோக்குவோம்.

நம் அரசியலமைப்பு இதில் காட்டும் நெறி தெளிவானது. பதவி ஏற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி, உளமார உறுதியும் கூறலாம். இரண்டனுள் ஏற்றத்தாழ்வு இல்லை. 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லார்க்கும் வழங்குகிறது. 1976இல் சேர்க்கப்பெற்ற 51அ பிரிவோ, அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்த்தல் குடிமக்கள் கடமை என்கிறது. சமய உணர்வைத் தீய நோக்குடன் வேண்டுமென்றே இழிவுசெய்வதைச் சட்டம் தண்டிக்கிறது என்பது உண்மையே. நேர்மையான வினா அத்தகைய இழிவாகாது. எனவே, காக்கப்படுவது நம்புவோரின் உரிமையே அன்றி, நம்பப்படும் பொருளின் மெய்ம்மை அன்று.

சட்டம் வகுத்த இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியோர் இருவர். ஒருவர் காந்தியடிகள், மற்றவர் கோரா எனப் பெற்ற கோபராஜு இராமச்சந்திர ராவ். இறைமறுப்புக் கொள்கைக்காகக் கல்லூரிப் பணியை இழந்த கோரா, 1940இல் ஆந்திரச் சிற்றூராகிய முதுநூரில் நாத்திக மையத்தை நிறுவித் தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டவர். இருவரும் சேவாகிராமத்தில் உரையாடியதைக் கோரா 1951இல் நூலாக வெளியிட்டார். நாத்திகம் எதற்கு என்று அடிகள் வினவ, கோரா 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சுட்டினார். கல்கத்தாவில் உணவுக் கடைகளின் அருகிலேயே மக்கள் பசியால் மடிந்தனர். எல்லாம் விதி என்னும் எண்ணமே அவர்தம் கைகளைக் கட்டியது என்பது அவர் வாதம். அடிகள் சினந்தாரல்லர், ஒப்புக்குத் தலையசைத்தாருமல்லர். தம் ஆத்திகமே சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் கூற இயலாது என்றார். கோராவின் மகளுக்கும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான வகுப்பைச் சேர்ந்த இளைஞர்க்கும் நிகழவிருந்த திருமணத்தில், கடவுள் பெயருக்கு ஈடாக உண்மையின் பெயரைச் சொல்லவும் இசைந்தார். அத்திருமணம் அடிகளின் மறைவுக்குப் பின் 1948இல் சேவாகிராமத்தில் நடைபெற்றது. இருவரும் தத்தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஒருவரையொருவர் கைவிடவும் இல்லை. மதிப்பு என்பது இதுவன்றோ!

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திரவிழா அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளற்க என்றும் வேண்டுகிறான். வாதமும் வேண்டும், வன்மம் கூடாது என்பதே அதன் பொருள். வஞ்சி மாநகரில் பல சமயத்தார் உரைகளையும் மணிமேகலை செவிமடுக்கிறாள். அவர்களுள் மறுபிறப்பை மறுக்கும் பூதவாதியும் ஒருவன். அவனையும் அவள் விலக்கவில்லை. கேட்டபின் வாதத்தால் மறுக்கிறாள்.

வாதம் மறைந்த இடத்தில் வன்முறை புகும். மூடநம்பிக்கைகளை எதிர்த்துப் பல்லாண்டு உழைத்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20 அன்று புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வேண்டிப் போராடிய சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் மகாராட்டிரத்தில் நிறைவேறியது. அச்சட்டம் எவருடைய கடவுளையும் மறுக்கவில்லை. நரபலி, பேயோட்டுதலின் பெயரால் துன்புறுத்தல் போன்ற கொடுமைகளையே தடுக்கிறது. கேட்பதற்கே அஞ்சியிருப்பின் அக்கொடுமைகளும் ‘நம்பிக்கை’ என்னும் போர்வைக்குள் தொடர்ந்திருக்கும்.

இவ்வளவுகோல் இறைமறுப்பாளர்க்கும் பொருந்தும். மறுப்பு என்பதாலேயே அது பகுத்தறிவு ஆகிவிடாது. அந்திப்பொழுதில் விளக்கேற்றிக் கைகூப்பும் முதியவளை எள்ளி நகையாடுவோன் எதையும் ஆராய்ந்தவன் அல்லன். ஆனால், செவ்வாய் தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணின் மணவாழ்வைத் தடுக்கும்போது, ஏன் என்று கேளாதிருத்தலும் அடக்கம் ஆகாது. பிறர்க்குத் தீங்கு செய்யாத நம்பிக்கையிடத்து இன்சொல் தகும். பிறர் வாழ்வைக் கட்டுப்படுத்தும் நம்பிக்கை காரணம் கூறியே ஆகவேண்டும்.

வேற்று மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் கோயிலையும் சடங்கையும் நோக்கி ‘எதற்காக?’ என்று கேட்கின்றனர். ‘அப்படியெல்லாம் கேட்கலாகாது’ என்று வாயடைப்போமாயின், நம்பிக்கையையும் காவோம், பிள்ளையையும் மதியோம். தெரிந்ததைச் சொல்லுவோம், அவர்கள் மறுப்பின் அதையும் கேட்போம். கருத்து தன் மதிப்பைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும். மனிதர்க்குரிய மதிப்பை நாம் முன்னதாகவே வழங்குவோமாக!